பிரேக்கம்மாவுக்கு இரண்டு ஆபரேஷன்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை பார்த்துவந்த அவளுக்கு, பிரேக்கம்மா என்று முதலில் பெயர் வைத்தது யாரென்று அவளுக்கே தெரியாது. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பதறிப்போய் எதை மிதிக்கிறோம் என்று தெரியாமல் எதையோ மிதிக்கும்போது வண்டி அலுங்காமல் நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் அவள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். திட்ட மாட்டாள், குரலை உயர்த்த மாட்டாள். "சரி, மறுபடியும்" என்பாள். அவ்வளவுதான். வேறு பள்ளிகளில் அழுதுவிட்டு வந்தவர்கள் எல்லாம் அவளிடம் வந்து உரிமம் வாங்கிப் போனார்கள்.

அவள் புருஷன் இதற்கு நேர்மாறு. நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். எதற்கெடுத்தாலும் பயம். எந்தக் காகிதம் வீட்டுக்கு வந்தாலும் மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையையே லேமினேட் செய்து வைத்திருந்த மனிதர். ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்துவிடும்.

பிரேக்கம்மாவுக்கு ஐம்பத்தாறு வயதாகும்போது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு போஸ்ட் மாஸ்டர் கார் கற்றுக்கொள்ள வந்தார். சாது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் வண்டியில் ஏறமாட்டார். ஒன்பதாவது நாள், ஒரு திருப்பத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டார். அவள் கால் சட்டென்று இறங்கியதுதான். ஆனாலும் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் முட்டித்தான் வண்டி நின்றது. பெரிய அடி இல்லை. போஸ்ட் மாஸ்டருக்கு ஒரு கீறல்கூடக் கிடையாது. அவளுக்கு மட்டும் சீட் பெல்ட் அழுத்திய இடத்தில் மார்பு வலித்தது. மூச்சை இழுத்தால் சுருக்கென்றது.

பதறியது போஸ்ட் மாஸ்டர்தான். விலா எலும்பு முறிந்திருக்கும், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய நச்சரிப்பு தாங்காமல்தான் அவள் போனாள். எலும்பு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், ஒருமுறை அவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்.

ஸ்கேனில், வலது நுரையீரலின் மேல்பகுதியில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தெரிந்தது. இடது பக்கம் கீழே, கொண்டைக்கடலை அளவில் இன்னொன்று. இவை போக, குளிரில் ஆவி படிந்த கண்ணாடி போல மங்கலாக இரண்டு சின்னப் புள்ளிகள். அவள் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. புருஷனுக்கும் அந்தப் பழக்கம் இல்லை. இருமல் கிடையாது, இளைக்கவும் இல்லை. விலா எலும்புக்காகப் போன இடத்தில் இது வந்து நின்றது.

அந்த ஆஸ்பத்திரி டாக்டர் நல்லவர்தான். ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். இது புற்றுநோய்தான் போலிருக்கிறது, ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அறுத்து எடுக்கலாம், இரண்டு பக்கமும் இருந்தால் பரவிவிட்டது என்று பொருள், இனி ஆபரேஷனுக்கு இடமில்லை, மருந்து கொடுத்து முடிந்தவரை தள்ளிப்போடலாம் என்று தன்மையாகவே சொன்னார். புருஷன் அங்கேயே நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள்தான் அவரை எழுப்பி, கைத்தாங்கலாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் அவர் செய்த முதல் காரியம், எல்லா ரிப்போர்ட்டையும் மூன்று பிரதி எடுத்தது. அப்போது சுவரில் முட்டியதற்கு மன்னிப்புக் கேட்க ஏழாவது தடவையாக வந்த போஸ்ட் மாஸ்டர் விஷயத்தைக் கேட்டு இடிந்துபோனார். அவருடைய தங்கை மகள் ஒரு பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்று ஒரு பிரதியைக் கேட்டு வாங்கினார். ஆயுள் முழுக்க ஊரார் கடிதங்களை அனுப்பிவைத்தவர், இதை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் மூன்று மணி நேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் நுரையீரல் அறுவை சிகிச்சை செய்பவர் ஒரு டாக்டரம்மா. குள்ளமான உருவம், கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அவர் பிரேக்கம்மாவை வரச்சொல்லி, உடம்பு முழுவதற்கும் ஒரு ஸ்கேன் எடுக்கவைத்தார். வேறு எங்கும் எதுவும் இல்லை. பிறகு இரண்டு கட்டியிலிருந்தும் ஊசியால் துளித்துளி சதை எடுத்து, தனித்தனியாகச் சோதனைக்கு அனுப்பினார். பதினெட்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் அவள் வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு டிராஃபிக் எவ்வளவோ தேவலை.

பத்தொன்பதாவது நாள் டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"பரவுறதுன்னா, ஒரே வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு ஊர்ல குடியிருக்கிற மாதிரிம்மா. ஜாடை ஒண்ணா இருக்கும். உங்களுக்கு வந்திருக்கிற ரெண்டுக்கும் ஜாடையே ஒட்டல. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம, தனித்தனியா முளைச்சிருக்கு."

"அப்படின்னா ரெண்டு கேன்சரா?" என்று கேட்டார் புருஷன்.

"ஆமாங்க. ஆனா ரெண்டுமே ஆரம்ப நிலை. ரெண்டையும் எடுத்துடலாம்."

அவர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். ஒன்று என்றார்கள், இப்போது இரண்டு என்கிறார்கள், இதற்குச் சந்தோஷப்பட வேண்டுமாம். அன்று முழுக்க அவரால் அதை ஜீரணிக்க முடியவில்லை. அவளுக்கோ உடனே பிடிபட்டுவிட்டது. ஆனால் அவளுக்கு வேறு கவலை இருந்தது. எடுத்தால் மிச்சம் மூச்சு இருக்குமா என்று கேட்டாள்.

டாக்டரம்மா கொண்டையிலிருந்து பேனாவை உருவி ஒரு தாளில் நுரையீரலை வரைந்தார். வலது பக்கம் மூன்று அறை, இடது பக்கம் இரண்டு அறை. ஒவ்வொரு அறைக்குள்ளும் சின்னச் சின்னத் தடுப்புகள். வலது பக்கக் கட்டி கொஞ்சம் பெரியது, அவசரக்காரன். அதனால் அந்த மேல் அறையை முழுதாக எடுத்துவிட வேண்டும். இடது பக்கத்தில் ஒரு தடுப்பை மட்டும் எடுத்தால் போதும். இரண்டு பக்கமும் தாராளமாக வெட்டினால் கேன்சரும் இருக்காது, மாடி ஏற மூச்சும் இருக்காது. சிக்கனமாக வெட்டுவதுதான் இதில் சாமர்த்தியம் என்றார். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியாது. முதலில் வலது, உடம்பு தேறியதும் இடது. மங்கலான அந்தச் சின்னப் புள்ளிகளைத் தொடவேண்டாம், கண்ணில் வைத்துக்கொண்டே இருக்கலாம். எத்தனை வருடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது, ஆனால் இப்படி இரண்டும் சின்னதாக இருக்கும்போதே எடுத்துக்கொண்டவர்கள் பல பேர் பல வருடமாகத் தன்னிடம் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

ஆபரேஷனுக்கு முன்பு மூச்சைத் தயார்ப்படுத்த வேண்டியிருந்தது. குழாயில் ஊதும் பரிசோதனையில் சுமாராகத் தேறினாள். மாடிப்படி ஏறச் சொன்னார்கள். இருபத்தாறு வருடம் காருக்குள் உட்கார்ந்தே பிழைத்தவள். ஜெராக்ஸ் கடைக் கட்டடத்தில் எண்பத்தெட்டுப் படி. முதல் நாள் இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். புருஷன் கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டு, போனில் நேரம் பார்த்துக்கொண்டு கீழே நிற்பார். மூன்று வாரத்தில் நான்காவது மாடி வரை நிற்காமல் ஏறினாள். மேல்மாடி அலுவலகத்தில் இருந்தவர்கள் இந்த அம்மா யாரைப் பார்க்கத் தினமும் வருகிறார், வந்ததும் ஏன் திரும்பிப் போய்விடுகிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம்.

முதல் ஆபரேஷன் சின்னத் துளைகள் வழியாகவே நடந்தது. கண் விழித்தபோது விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கி, கட்டிலுக்குக் கீழே தண்ணீர் நிரம்பிய பாட்டிலுக்குள் போனது. வெட்டிய இடத்தில் காற்று கசிந்ததால், அவள் இருமினால் பாட்டிலில் குமிழி வந்தது. குமிழி நின்றால்தான் குழாயை எடுப்பார்கள். மற்றவர்களுக்கு மூன்று நான்கு நாளில் நிற்பது அவளுக்கு எட்டு நாள் ஆகியும் நிற்கவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்திருந்தார்கள். அதில் மூன்று பந்து. மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே போக வேண்டும். முதல் பந்து துள்ளி ஏறியது. இரண்டாவது அரைமனதாக எழும்பியது. மூன்றாவது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அது தன்னிடம் கார் கற்றுக்கொண்ட போஸ்ட் மாஸ்டர் மாதிரி, கண்ணாடியைத் துடைத்து முடிக்காமல் கிளம்பாது என்று அவள் நர்ஸிடம் சொன்னாள். அந்த நர்ஸ் அவருடைய தங்கை மகள் என்பது சட்டென்று ஞாபகத்துக்கு வந்து, சிரிப்பை அடக்கப்போய் வலியில் துடித்தாள். நர்ஸ்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் குமிழி நின்றது. வெட்டியெடுத்த பகுதியின் ரிப்போர்ட்டும் வந்தது. ஓரங்கள் சுத்தம். பக்கத்து நெறிக்கட்டிகளிலும் கேன்சர் எதுவும் இல்லை. புருஷன் அந்த ரிப்போர்ட்டை ஐந்து பிரதி எடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கடம் தொடங்கியது. மார்பில் ஒரு பட்டை அளவுக்கு மரத்துப்போய், அதற்குக் கீழே எரிந்தது. தும்மலுக்குப் பயந்தாள். சாய்ந்தே தூங்கவேண்டியிருந்தது. ஒருநாள் மதியம், தட்டைக் கழுவி வைத்துவிட்டு, இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம் என்று புருஷனிடம் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவர் கெஞ்சிப் பார்த்தார். சாப்பிடாமல் இருந்து பார்த்தார், அது ஒரு வேளைக்குமேல் அவருக்கே தாங்கவில்லை. மகள் விடுப்புப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்தவள் இரண்டு நாள் அம்மாவிடம் எதுவும் கேட்காமல் கூடவே இருந்தாள். மூன்றாம் நாள், துணி மடிக்கும்போது கேட்டாள்.

"சாகறதுக்குப் பயமாம்மா?"

"சாகறதுக்கு இல்லடி. வார்டுல பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்க. மூக்குல குழாய், பக்கத்துல சிலிண்டர். பாத்ரூம் போறதுக்குக்கூட அதை இழுத்துட்டுத்தான் போவாங்க. எனக்கு ஏற்கெனவே ஒரு அறை போயிடுச்சு. இன்னும் கொஞ்சம் எடுத்து, நான் அப்படி ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்துட்டேன்னா?"

மகள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவள் டாக்டரம்மாவுக்கே போன் போட்டுக் கொடுத்தாள். டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. இடது பக்கத்துக் கட்டி மெதுவாக வளர்வது, ஓரிரு மாதம் யோசிக்கலாம், ஒரு வருடம் யோசிக்க முடியாது என்றார். பயம் நியாயம்தான், ஆனால் அதை உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட வேண்டாம், வலி குறைந்ததும் பழையபடி படி ஏறிப் பாருங்கள், என்ன வருகிறதோ அதைச் சொல்லுங்கள் என்றார்.

இது அவளுக்குப் பிடித்திருந்தது. தனக்கு நன்றாக ஓட்டத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்த எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். தெரியாது என்று அழுதவர்களையும் பார்த்திருக்கிறாள். இரண்டு பேச்சையும் அவள் நம்பியதில்லை. வண்டியை எடுக்கச் சொல்லித்தான் பார்ப்பாள்.

ஏழாவது வாரம் ஒரு காலையில், புருஷனும் மகளும் கூட வர, எண்பத்தெட்டுப் படியும் ஏறினாள். முதல் மாடியில் மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடியில் இதயம் காதுக்குள் அடித்தது. நிற்கவில்லை. மூன்றாவது மாடியில் மூச்சு ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்ததும் மகள் போனைப் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு முந்தைய நாளைவிட இருபது வினாடிதான் கூடுதல் என்றாள். பிரேக்கம்மா நம்பாமல் போனை வாங்கித் தானே பார்த்தாள். அப்பாவைக் காணோமே என்று எட்டிப் பார்த்தால், அவர் இரண்டாவது மாடியில் படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"அப்பாவைத்தான் முதல்ல ஆஸ்பத்திரியில சேர்க்கணும்" என்றாள் மகள்.

பிரேக்கம்மா சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் மூச்சுவிட்டாள். பிறகு, "டாக்டரம்மாகிட்ட தேதி கேளு" என்றாள்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு அவளைக் காரில் கூட்டிப்போனது போஸ்ட் மாஸ்டர். அந்த இடைவெளியில் மனிதர் வேறொருவரிடம் கற்றுக்கொண்டு, மூன்றாவது தடவையாக டெஸ்ட்டுக்குப் போய் உரிமம் வாங்கியிருந்தார். அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். இது சொந்தக் கார், அவள் காலடியில் வெறும் தரைவிரிப்புதான் இருந்தது. மூன்று மணி நேரப் பயணத்தில் அந்தத் தரைவிரிப்பை அவள் மிதித்த மிதியில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது கெண்டைக்கால் வலித்தது. ஆனால் அவர் நன்றாகவே ஓட்டினார். இறங்கும்போது அதைச் சொன்னாள். அவருக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

இந்த முறை டாக்டர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். இடது நுரையீரலில் வேலை செய்யும்போது அதைச் சுருக்கி வைக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க, ஏற்கெனவே ஓர் அறையை இழந்திருந்த வலது நுரையீரல் ஒன்றே அவளுக்கு மூச்சு தர வேண்டும். நடுவில் இரண்டு தடவை ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்க, மயக்க மருந்து டாக்டர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். வேலையை நிறுத்தி, நுரையீரலை மறுபடியும் விரியவைத்து, காத்திருந்து தொடர்ந்தார்கள். வெளியே புருஷனுக்கு இதெல்லாம் தெரியாது. சொன்ன நேரத்துக்கு மேல் ஒன்றே கால் மணி நேரம் ஆனது மட்டும்தான் தெரியும். அந்த ஒன்றே கால் மணி நேரத்தில் அவர் கையிலிருந்த ஃபைலை வரிசைப்படுத்தினார், கலைத்தார், மறுபடியும் வரிசைப்படுத்தினார். கடைசியில் டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து, ஒரு தடுப்போடு முடிந்தது, மூச்சு நன்றாக இருக்கிறது என்றார். இந்தத் தடவை குழாயை மூன்றே நாளில் எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது பொய். நடந்துகொண்டே பேச அவளால் முடியவில்லை. நடக்க வேண்டும், அல்லது பேச வேண்டும். குளிர்காலத்தில் இருமல் வந்தால் ஒரு மாதம் போகாது. முழுநாள் வேலையை விட்டுவிட்டு காலையில் மூன்று வகுப்பு மட்டும் எடுத்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அதற்கு முந்தின வாரம் வீட்டில் யாருக்கும் சரியாகச் சோறு இறங்காது.

நான்காவது வருடம், கண்ணில் வைத்துக்கொண்டிருந்த அந்த மங்கலான புள்ளிகளில் ஒன்று கெட்டிப்பட்டது. புருஷன் பழைய ரிப்போர்ட் பிரதிகளையெல்லாம் எடுத்துப் பரப்பினார். இவள் டாக்டரம்மாவிடம், இதுவும் வேறு வீட்டுப் பிள்ளைதானா என்று கேட்டாள். அப்படித்தான் தெரிகிறது என்றார் அவர். இப்படிப்பட்ட உடம்பில் அவ்வப்போது புதிதாக ஒன்று தலைகாட்டலாம், அதற்குத்தான் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மூன்றாவது முறையும் கத்தி வைக்க வேண்டாம் என்று, அந்தப் புள்ளியை மட்டும் குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுக்க அனுப்பினார். ஐந்து நாள் போய்ப் படுத்துவிட்டு வந்தாள். ஐந்தாம் நாள் நேராக வகுப்புக்கே போனாள். இன்னொரு புள்ளி இன்றுவரை இருந்த இடத்தில் சும்மா கிடக்கிறது.

ஆறாவது வருட ஸ்கேன் முடிந்ததும், இனி வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். அப்போது அவள் வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். நகரத்துக்கு வெளியே ஒரு மலைப்பாதை உண்டு. மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அவ்வளவு ஒன்றும் பெரிய உயரமில்லை, தாராளமாகப் போகலாம், இறங்கி ஓடாமல் இருந்தால் சரி என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலையிலேயே மூன்று மாணவிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒருத்தி பல் டாக்டருக்குப் படிப்பவள், ஒருத்தி தையல்கடைக்காரி, மூன்றாமவள் ஐம்பது தாண்டிய கணக்கு டீச்சர். பதினான்கு வளைவு. மேலே போய் இறங்கியபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. வண்டியின் பின்னால் சாய்ந்து நின்று, தண்ணீர் குடித்து, கீழே தெரிந்த ஊரைப் பார்த்தபடி மூச்சைச் சீராக்கிக்கொண்டாள். கணக்கு டீச்சர் பதறி விசிறப்போக, ஒன்றுமில்லை, இது தன் வழக்கம் என்று கையைக் காட்டினாள். பிறகு கணக்கு டீச்சரையே ஓட்டும் இடத்தில் உட்காரவைத்து, ஏற்றத்தில் வண்டியை எடுக்கச் சொன்னாள். நான்கு தடவை வண்டி அணைந்தது. "சரி, மறுபடியும்" என்றாள். ஐந்தாவது தடவை வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் முன்னால் ஏறியது. டீச்சர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தட்ட, ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மகள் போன் செய்தாள். முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் சிக்னல் கிடைக்காமல் அவள் போன் தவறியிருந்தது. பிரேக்கம்மா எடுத்த எடுப்பில் கணக்கு டீச்சர் கதையை ஆரம்பித்து, பதினான்கு வளைவையும் ஒவ்வொன்றாக விவரித்துக்கொண்டே போனாள். மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, அதெல்லாம் இருக்கட்டும். நேத்து ஸ்கேன் ரிசல்ட் என்னாச்சு?"

அவள் ஒரு கணம் விழித்தாள்.

"அட, உன்கிட்ட சொல்லவே இல்லையா? நல்லா இருக்குன்னுட்டாங்கடி. இனிமே அடுத்த வருஷம்தானாம்" என்றவள், "அப்புறம் கேளு, அந்த ஒன்பதாவது வளைவுல என்ன ஆச்சுன்னா" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.